அடியில் வைக்கோல், மேலே புல்

சென்ற வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் கூரியர் பையன் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். தலையணை அளவு இருந்தது, ஆனால் தலையணையைவிட லேசு. உள்ளே என்னவென்று பார்க்க அதைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேலுறையில் எங்கோ ஒரு சின்னக் கிழிசல், அது வழியாக வந்த வாசனையே போதுமாக இருந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நம் வயதில் நாலு பேர் சேர்ந்தால் மூட்டுவலியையும் சர்க்கரையையும் விட்டால் வேறு பேச்சில்லை. எனக்கு அது அலுத்துவிட்டது. உங்களுக்கும் அலுத்திருக்கும், வெளியே சொல்ல மாட்டீர்கள். அதனால் இன்றைக்குப் புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

என் மகள் ஒரு முயல் வளர்க்கிறாள். காய்ந்த புல்தான் முயலுக்கு முக்கியமான சாப்பாடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவள் நேராகப் பழக்கடைக்குப் போய், மாம்பழப் பெட்டியில் கிடந்த வைக்கோலை ஒரு பை நிறைய வாங்கி வந்து கூண்டில் போட்டாள். முயல் அதன்மேல் சொகுசாக ஏறிப் படுத்துக்கொண்டு அவளை முறைத்தது.

“அது மெத்தைடி. சாப்பாடு இல்லே” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணல்லே அம்மா? காஞ்சதுதானே?”

அவளை நான் குறை சொல்லவில்லை. அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, பீங்கான் வியாபாரி. வாழ்நாள் முழுக்க வைக்கோலைக் கையாண்டவர். அவரே ஒருநாள் இதே வார்த்தைகளைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்.

அப்போது எங்கள் வீடு ஆரியசாலையில், சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. முன்னால் அப்பாவின் மொத்தக் கடை, நடுவில் குடோன், குடோனுக்குப் பின்னால் நாங்கள், எங்களுக்கும் பின்னால் பசு. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் கோப்பை அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து மாடு கத்துவதைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். அப்பா கண்டுகொள்ளாமல் சாசரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பசு அம்மாவுடையது. நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுடைய பிறந்த வீட்டார் சீரோடு ஒரு கிடாரிக் கன்றையும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கன்று வளர்ந்து ஈன்றதுதான் எங்கள் பசு. சீராக வந்த மற்ற எல்லாமே ஒவ்வொன்றாகக் கடைக்குள் போய்ச் சரக்காகிவிட்டன. பசு ஒன்றுதான் அம்மாவுக்கென்று மிச்சம் இருந்தது. அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். காரணம் அன்பு மட்டுமில்லை, பீங்கானும்தான்.

பீங்கான் பெட்டி உடைக்கும் நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வடக்கேயிருந்து ரயிலில் தம்பானூருக்கு வந்து, அங்கிருந்து வண்டியில் எங்கள் சந்துக்குள் நுழையும் பலகைப் பெட்டிகள். அப்பா கடப்பாரையால் மேல்பலகையை நெம்புவார். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வரும். உள்ளே பார்த்தால் பீங்கானே தெரியாது, முழுக்க வைக்கோல்தான் இருக்கும். அதற்குள் கையை விட்டு, முட்டையிட்ட கோழிக்கு அடியில் துழாவுவதுபோல ஒவ்வொரு கோப்பையாக வெளியே எடுப்பார். எடுத்ததும் விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. ‘ணங்’ என்று நீளமாக ஒலித்தால் நல்ல கோப்பை. ‘டக்’ என்று அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது என்று தனியே வைத்துவிடுவார். வைக்கோலுக்குள்ளிருந்து எனக்கும் ஏதாவது கிடைக்கும். உதிராத நெல்மணிகளோடு ஒரு கதிர், காய்ந்துபோன தட்டான், ஒருமுறை வடநாட்டுத் தீப்பெட்டி ஒன்று. அதில் ஒரு மயில் படம் இருந்தது. அது எங்கே தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

பெட்டி காலியானதும் வைக்கோல் அம்மாவிடம் வரும். அம்மா அதை அப்படியே மாட்டுக்குப் போட மாட்டாள். முற்றத்தில் சாக்கை விரித்து, ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்து உதறி, விரல்களால் கோதிக் கோதிப் பார்ப்பாள். பெட்டிக்குள் ஒரு கோப்பை உடைந்திருந்தாலும் சில்லு வைக்கோலில் ஒளிந்திருக்கும். அது மாட்டின் வயிற்றுக்குள் போனால் மாடு போச்சு. உதறும்போது சாக்கின்மேல் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டால், அந்தச் சில்லு கண்ணில் படும்வரை அடுத்த பிடியை எடுக்க மாட்டாள். தலைவாரிப் பேன் பார்க்கிற பொறுமை. எனக்குக்கூட அவள் அவ்வளவு பொறுமையாகத் தலைவாரியதில்லை.

இப்படிப் பீங்கானுக்கு மெத்தையாக வந்தது மாட்டுக்குத் தீனியாகி, யாருக்கும் தொந்தரவில்லாமல் குடும்பம் நடந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் கார்த்திகையில்தான் சிக்கல் வந்தது. புதிதாக வந்த சரக்கில் பலகைப் பெட்டியே இல்லை. அட்டைப் பெட்டி, உள்ளே அட்டையாலேயே தடுப்பு, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கோப்பை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல அதை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதைப் பாரு. குப்பை இல்லே, கூளம் இல்லே. காலம் மாறிட்டுல்லா!”

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ மாடு எதைத் தின்னும்? அட்டையையா?”

அப்பா அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வைக்கோல் வாங்கலாமென்றால் அந்த வருடம் நாஞ்சில் நாட்டில் முதல் போகமான கன்னிப்பூ அறுப்பின்போது விடாமல் மழை. வந்த கொஞ்ச வைக்கோலும் கறுத்து, பூசணம் பிடித்து, மூக்கருகே கொண்டுபோக முடியாமல் இருந்தது. அடுத்த அறுப்பு கும்பப்பூ, அது மாசியில்தான். பசுவோ சினையாக இருந்தது. அதுவும் மாசியில்தான் ஈனும். ஒரு வாரத்துக்குள் அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன.

தம்பானூரில் ஓட்டல் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு எங்கள் பசுவின்மேல் நெடுநாளாகக் கண். அப்பா முடிவெடுத்துவிட்டார்.

“தை பொறக்கட்டும். ஓட்டல்காரரு வந்து பிடிச்சிட்டுப் போவாரு.”

“மாசியில புது வைக்கோல் வந்திரும். அதுவரைக்கும் பொறுக்கப்பிடாதா?”

“அதுவரைக்கும் அது பட்டினி கிடக்கவா?”

தைக்குள் ஒரு வழி கண்டுபிடித்தால் பசு இருக்கும். இல்லாவிட்டால் போகும். எனக்கே அது புரிந்தது, பசுவுக்கும் புரிந்ததோ என்னவோ, அன்று முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது.

வழி, கிள்ளியாற்றங்கரையில் இருந்தது. அங்கே பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் வளவில் ஐப்பசியின் துலா மழைக்குப் புல் என் இடுப்புயரம் வளர்ந்து நின்றது. காவல்காரர் அம்மாவிடம், “மகரம் பிறந்தா இவிட பணி தொடங்கும் சேச்சி. எல்லாம் வெட்டிக்கொண்டு பொய்க்கோ” என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டார். மகரம் என்றால் நம் தை, அதற்குள் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஆனால் பச்சைப் புல்லை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? ஒரு கட்டு மறுநாளே வாடும், அதற்கடுத்த நாள் நாறும். ஒரேயடியாக வெட்டியாக வேண்டிய புல், மாசி வரைக்கும் தின்ன வேண்டிய மாடு. இதை எப்படிச் சேர்ப்பது?

இங்கேதான் அத்தை வருகிறாள். அப்பாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு காலேஜில் தாவரவியல் படித்தாள். மாட்டுப் பக்கம் போனால் புடவை அழுக்காகும் என்று பத்தடி தள்ளியே நிற்பவள். ஆனால் அம்மாவின் முகம் வாடினால் அவளுக்குச் சோறு இறங்காது.

“மைனி, சீமையில மாட்டுக்கு வைக்கோலாக் கொடுக்காங்க? புல்லையே வெட்டி, வெயில்ல காயவச்சு, அடைச்சு வச்சுக்கிடுவாங்க. பனி பெய்யுத காலம் பூராவும் அதுதான் தீனி. எங்க புஸ்தகத்துல இருக்கு.”

“காயவச்சா வைக்கோல் ஆயிராதா?”

“ஆகாது மைனி. வைக்கோல்ங்கது நெல்லைப் பெத்துப் போட்ட தாள். சத்தெல்லாம் கதிருக்குப் போயிரும், மிச்சம் வெறும் குழல். இது அப்படி இல்லே. பூக்கதுக்கு முந்தி வெட்டினா இலைச் சத்து இலையிலயே நிக்கும்.”

அம்மா யோசித்தாள். “எத்தனை வெயில் காயணும்னு போட்டிருக்கா?”

அத்தை புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அது மட்டும் அதில் இல்லை.

இரண்டு பேருமாகப் புல்லில் பாதியை ஆள்வைத்து வெட்டி, மாடியில் பரப்பினார்கள். முதல் வெயிலிலேயே மேற்புறம் மொறமொறவென்று ஆயிற்று. மறுநாள் மத்தியானம் திடீரென்று வானம் இருட்டியது. மழைக்குப் பயந்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து குடோனை ஒட்டிய வைக்கோல் அறைக்குள் இடைவெளியில்லாமல் மிதித்துத் திணித்தார்கள். நானும் மிதித்தேன். பஞ்சுமெத்தைமேல் குதிப்பதுபோல இருந்தது, ரொம்ப சந்தோஷமாக மிதித்தேன்.

சில நாள் கழித்து அந்த அறையிலிருந்து புளித்த கள்ளும் புகையிலையும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. அம்மா போய்ப் புல்லுக்குள் கையை விட்டாள். விட்ட கையைச் சடாரென்று இழுத்துக்கொண்டாள். இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல உள்ளேயிருந்து ஆவி வந்தது. வெளியே காய்ந்திருந்த புல் உள்ளே ஈரமாகவே இருந்து, தனக்குத்தானே புழுங்கிச் சூடேறியிருக்கிறது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்று அத்தை பிற்பாடு படித்துச் சொன்னாள். படிக்க வேண்டியதையெல்லாம் அவள் எப்போதும் பிற்பாடுதான் படிப்பாள்.

சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தீ என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு கடை பிடித்தால் தெருவே போகும். அப்பா அன்றைக்குக் கத்திய கத்தல் எதிர்ச் சாரி மிளகாய்க் கடை வரைக்கும் கேட்டது.

“குடோன் பக்கம் ஒரு புல்லுகூட வரப்பிடாது! சீமைப் புஸ்தகத்தைப் பாத்து மாடு வளக்குதாளுவ ரெண்டு பேரும்!”

அம்மா கறுத்த புல்லையெல்லாம் அள்ளி எருக்குழியில் போட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மறுநாள் காலையில், சமையலறை அலமாரியிலிருந்து கூழ்வடகத் தகர டப்பாவை இறக்கி, ஒரு வடகத்தை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். அது ‘டக்’ என்று ஒடிந்தது.

“நாம வடகத்துக்குச் செய்யுததை இதுக்குச் செய்யல்லே. அதான் தப்பு” என்றாள்.

மீதிப் புல்லை வடகம் காயவைக்கிற முறையிலேயே காயவைத்தாள். ஒன்றின்மேல் ஒன்று படாமல் மெல்லிசாகப் பரப்பினாள். உச்சி வெயிலில் ஒருமுறை புரட்டினாள். பனி இறங்குவதற்கு முன் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடினாள். தண்டை எடுத்து முறுக்கினால் ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில். தரையின் ஈரம் ஏறக்கூடாதென்று, பழைய பெட்டிகளிலிருந்து மிஞ்சியிருந்த கொஞ்சம் வைக்கோலை மாடிக் கொட்டகையில் அடியில் விரித்து, அதன்மேல் புல்லை அடுக்கினாள். மாடு அதுவரை ஆற்றங்கரைப் பச்சையில் காலம் தள்ளியது.

இந்தமுறை புல் கறுக்கவில்லை. வெயிலில் வெளுத்த பச்சைச் சட்டையின் நிறத்துக்கு வந்து நின்றது. வாசனையைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மழை பெய்து வெயிலடித்த மைதானத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்ததுபோல, கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் தேயிலையாக. ஒரு பிடியை அம்மா பசுவிடம் நீட்டினாள். அது மோந்து பார்த்தது. பிறகு அவள் கையிலிருந்து பிடுங்கித் தின்றது. அத்தை பத்தடியை மறந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புடவை அழுக்கானதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

இதற்கு என்ன பெயர் என்பதில் வீட்டில் சண்டை. வைக்கோல் என்றால் அத்தைக்குப் பிடிக்காது, சருகு என்றால் அம்மாவுக்குக் கோபம் வரும். கடைசியில் ‘மாடிப்புல்’ என்பது நிலைத்தது. அப்பா மட்டும் அதை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. மாடிக்கும் வரவில்லை. தை பிறந்தால் ஓட்டல்காரர் வருவார் என்பதில் மாற்றமும் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவு விட்டிருந்தது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்கள் என்ற வரிசை வீடுகளிலிருந்து, தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் பொதுவாகப் பயன்படுத்த டீ கிளாசும் பீங்கான் தட்டும் கேட்டிருந்தார்கள். அந்த மலைப்பாதைக்கு அட்டைப் பெட்டி தாங்காது. அப்பா குடோனில் கிடந்த பழைய பலகைப் பெட்டிகளைத் தேடி எடுத்தார். பெட்டி கிடைத்தது, வைக்கோல் இல்லை. அன்று திருவாதிரை. அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பா மெல்ல மாடியேறிப் போனார்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஜீப் வாசலில் நின்றது. ஆணி அடித்த பெட்டிகள் ஏறியாகிவிட்டன. பலகைகளின் இடுக்கில் வெளிர்ப்பச்சையாக நீட்டிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தாள்.

“என்ன செய்திருக்கிய?”

“எல்லாம் காஞ்சதுதானே. வைக்கோல் ஆனா என்ன, புல்லு ஆனா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சந்தான் எடுத்தேன், மிச்சம் மேல கிடக்கு.”

பாதிக்குமேல் எடுத்திருந்தார். அம்மா கையிலிருந்த பிரசாதத்தைக்கூட அவருக்குக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்து, “வாறியாட்டி? மலை பாக்கலாம்” என்றார். தனியாகப் போக அவருக்கு என்னவோபோல இருந்திருக்க வேண்டும். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

நெடுமங்காடு, விதுரை தாண்டி வளைவுகள் தொடங்கின. பெட்டிகள் உள்ளுக்குள் ணங் ணங் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தன. அப்பா தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வைக்கோல்னா இப்படிச் சத்தம் வராது” என்றார், தனக்குத்தானே.

பிறகு வெகுநேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே சொன்னார். “உங்கம்மை நெனைக்கா, எனக்கு மாட்டை ஒழிச்சாப் போதும்னு. அதில்லே பிள்ளே. வயிறு ஒட்டிக்கிட்டு அது என்னையப் பாக்கதை என்னால பாக்க முடியல்லே. ஓட்டல்காரரு கிட்டப் போனா அதுக்கு வயிறாவது நிறையும்லா?”

எனக்கு அன்றைக்கு இது பெரிதாகப் படவில்லை, குரங்கு தெரிகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால், அதை அம்மாவிடம் சொல்லத் தெரியாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. இரண்டு பேரும் ஒரே மாட்டுக்காகத்தான் எதிரெதிராக நின்றிருக்கிறார்கள்.

லயத்துக்கு முன்னால் பெட்டிகளை இறக்கி, ஒரு திட்டின்மேல் வரிசையாக வைத்தார்கள். குளிருக்கு இதமாக எங்களுக்குப் பால் விடாத கட்டன் டீ கொடுத்தார்கள். அப்பா அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்தது. பெட்டியை மோந்தது. பலகை இடுக்கில் வாயை வைத்து ஒரு இழுப்பு. ஒரு கொத்துப் புல் வெளியே வந்தது. அது போய்ச் சொல்லிவிட்டு வந்ததா என்று தெரியாது, அடுத்த நிமிடம் ஒரு கூட்டமே வந்துவிட்டது. நான் “அப்பா!” என்று கத்துவதற்குள், கிடாய் ஒன்று முன்காலைத் தூக்கி ஓரத்துப் பெட்டியின்மேல் வைத்தது. பெட்டி திட்டிலிருந்து சரிந்தது. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட என்னால் முடியாது. கிளாசும் தட்டும் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் போயின.

ஆடுகள் கொஞ்சம் விலகி, மறுபடி வந்து தின்ன ஆரம்பித்தன.

லயத்துப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “என்ன அண்ணாச்சி, ஆட்டுக்குச் சாப்பாட்டைக் கட்டி, அதுக்குள்ள கண்ணாடியை வச்சுக் கொண்டாந்திருக்கீக!”

அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மற்றப் பெட்டிகளைத் திறந்தார். மலைப்பாதையின் குலுக்கலில் புல்லின் இலையெல்லாம் பொடிந்து அடியில் இறங்கியிருந்தது, தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. வைக்கோல் அப்படியில்லை. அமுக்கினால் திரும்ப எழும்பும், அந்தக் குழல்தான் பீங்கானைத் தாங்குவது. அவருக்கு அது தெரியாதா என்ன? தெரியும். எதிரே இருந்தது வேறு பொருள் என்பதுதான் அவர் கண்ணில் படவில்லை. புல்லில் ஒரு பிடியை எடுத்து மூக்கருகே வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். ஆடுகள் சண்டைபோட்டுத் தின்பதைப் பார்த்தார்.

“ஒரு சாக்கு இருந்தாத் தாங்கம்மா” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

சாக்கை விரித்து, என் அப்பா அந்தத் திட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உடையாத பெட்டிகளிலும் உடைந்த பெட்டியிலும் இருந்த புல்லை ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்து உதறினார். விரல்களால் கோதினார். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் நிறுத்தித் தேடினார். அம்மா இதைச் செய்யும்போது அவர் நின்று பார்த்து நான் கண்டதில்லை. எப்போது பார்த்தாரோ, ஒன்றுவிடாமல் அதேபோலச் செய்தார். ஜீப்காரர் நேரமாகிறது என்று முனகினார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலைமேல் மஞ்சு இறங்க ஆரம்பித்தபோது எழுந்தார். விரல்களில் அங்கங்கே ரத்தம், கைக்குட்டையால் சுற்றிக்கொண்டார். உடைந்ததற்குப் பதில் பொங்கலுக்குள் வந்து சேரும் என்று லயத்துக்காரர்களிடம் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் சாக்கு மூட்டை அவர் மடியில் இருந்தது. நான் அதன்மேல் சாய்ந்து தூங்கினேன்.

வீட்டில் அம்மாவின் முன்னால் மூட்டையை வைத்தார்.

“இதுல சில்லு இருக்காது. பாத்தாச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். அப்பா மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை, அன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அம்மா முற்றத்தில் சாக்கை விரித்தாள். அவரை நம்பவில்லை என்றில்லை, மாட்டு விஷயத்தில் அவள் யாரையும் நம்ப மாட்டாள். மூட்டையிலிருந்த புல் முழுவதையும் பிடி பிடியாக உதறிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ‘டிக்’ சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பிடி வரை ஒரு சத்தமும் வரவில்லை. அம்மா கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அப்பா, விரல்களில் துணிச்சுற்றோடு, கோப்பைகளைச் சுண்டிக்கொண்டிருந்தார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானையால் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். புல்லுக்கு அடியில் விரித்திருந்த பழைய வைக்கோலை முழுவதும் உருவி, வெறுந்தரையில் பலகைகளை அடுக்கி அதன்மேல் புல்லை மாற்றிவிட்டு, வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்து கடையில் போட்டாள்.

“போனக்காட்டுக்கு இதுல கட்டி அனுப்புங்க. இதை ஆடு சீண்டாது.”

அப்பா வைக்கோலைப் பார்த்தார். “அப்போ புல்லுக்கு அடியில?”

“அதை நான் பாத்துக்கிடுதேன்.”

பதில் சரக்கு அந்த வைக்கோலுக்குள் போயிற்று. ஒரு தட்டுகூட உடையவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் ஓட்டல்காரர் வந்தார். கையில் புதுக் கயிறு. மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “என்னவே அண்ணாச்சி, எலும்பும் தோலுமா இருக்குன்னு சொன்னேரு? இது தளதளன்னு இருக்கு!” முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவிடம் திரும்பினார். “பிடிச்சிட்டுப் போகட்டுமா?”

அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “மாடு என்னுது இல்லே வேய். அவளுக்குப் பொறந்த வீட்டுச் சீரு. அவகிட்டல்லா கேக்கணும்?”

எங்கள் கடைக்கு வந்த ஒருவரை அப்பா அம்மாவிடம் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவும் ஒரு நொடி தடுமாறினாள். அப்புறம் தெளிவாகச் சொன்னாள்.

“மாட்டைத் தர்றதுக்கில்லே. கன்னு ஈனட்டும். பால் வேணும்னா வாங்கிக்கிடுங்க.”

ஓட்டல்காரர் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, பாலுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போனார். வருடக்கணக்காக எங்கள் பால்தான் அவர் ஓட்டல் காப்பியில்.

மாசியில் பசு ஈன்றது. அன்று காலையில்தான் நாஞ்சில் நாட்டுப் புது வைக்கோல் வந்து இறங்கியிருந்தது. அம்மாவுக்கு முன்னால் அப்பா தொழுவத்துக்குள் நுழைந்தார். ஒரு கையில் வைக்கோல், மறு கையில் மாடிப்புல்லின் கடைசிக் கட்டு. வைக்கோலைக் கன்றுக்கு அடியில் மெத்தென்று விரித்தார். புல்லைப் பசுவின் வாய்க்கு நேராக வைத்தார். மாற்றி வைக்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கன்றும் கிடாரிதான்.

பொட்டலம் வந்த அன்று சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தபோது நான் பால்கனியில் ஒரு பழைய போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தேன். முயலுக்கென்று நான் வரவழைத்த கூரியர் பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளேயிருந்த புல்லைப் பிடி பிடியாக எடுத்து உதறி, விரல்களால் கோதிக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

“எந்தா அம்மா, அதுக்குள்ள என்ன தேடுதீங்க?”

“கண்ணாடிச் சில்லு.”

“முயல் புல்லில கண்ணாடி எப்படி வரும்?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்து, போர்வையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அவளும் ஒரு பிடி எடுத்து உதறினாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. கூண்டைத் திறந்து புல்லை வைத்தோம். முயல் வைக்கோல் மெத்தையிலிருந்து எழுந்து வந்தது.